பதில்: மழையில் மஸ்டாங் ஏன் சும்மா நிற்கிறார்?

"ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்" என்ற ஜப்பானிய மங்காவில் (படக்கதை) ராணுவ அதிகாரியும் ரசவாதியுமான ராய் மஸ்டாங் விரலைச் சொடுக்கினால் நெருப்பு வருகிறது, மழை பெய்தால் மட்டும் வரவில்லை, இது கதை ஓட்டையா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டை இல்லைங்க. அவர் ரசவாதத்தால் நெருப்பை உண்டாக்குவதே இல்லை. கையுறைத் துணி உரசினால் பொறி பறக்கும், அவ்வளவுதான். அதன் மேல் வரைந்திருக்கும் ரசவாத வட்டம் காற்றிலுள்ள ஆக்சிஜனின் அடர்த்தியை மாற்றி, பொறி எங்கே போய் வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. துணி நனைந்தால் பொறி இல்லை. ரசவாதிகளைக் கொன்று திரியும் ஸ்கார் முன்னால் மழையில் வீராப்பாகப் போய் நின்றவரை, அவருக்குக் கீழே வேலை செய்யும் ஹாக்ஐ காலை வாரிவிட்டது அதனால்தான் (எனக்கு மிகவும் பிடித்த இடம்).

லஸ்ட் என்ற வில்லியுடன் மஸ்டாங்குக்கு நடக்கும் சண்டையை இன்னும் படிக்கவில்லை என்றால் அடுத்த பத்தியை விட்டுவிடுங்கள்.

அங்கே அறை முழுக்கத் தண்ணீர், கையுறை நனைந்துவிடுகிறது. அவர் தண்ணீரையே பிரித்து ஹைட்ரஜனாக்கி, லைட்டரால் வெடிக்க வைக்கிறார். பிறகு கையுறையும் இல்லாதபோது புறங்கையிலேயே வட்டத்தைக் கீறிக்கொள்கிறார். பொறிக்குத் தன் கீழ் வேலை செய்யும் ஹாவக்கின் லைட்டர். விதியை, கதையை எழுதி வரைந்த அரக்காவா எங்கேயும் தளர்த்தவில்லை.

கதாநாயகன் எட்வர்ட் வட்டமே இல்லாமல் கைதட்டிச் செய்வது வேறு கணக்கு. அவன் ரசவாத அறிவெல்லாம் அடங்கிய 'உண்மையின் கதவு'க்குள் போய்வந்தவன்.