வாசகர் கேள்வி - பதில்: பால்வெட்டும் பட்டாவும்

கேள்வி: எங்கள் விளையில் (தோட்டத்தில்) 150 ரப்பர் மரம். பால் வெட்ட வந்துகொண்டிருந்தவர் கொத்தனார் வேலைக்குத் திருவனந்தபுரம் போய்விட்டார். கணவர் வெளிநாட்டில். பால் எடுப்பதும் ஷீட் அடிப்பதும் நான்தான். ஆனால் பெண் வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்கிறார் மாமியார். நானே வெட்டலாமா?
- வாசகி, அருமனை

பதில்: தாராளமாக. அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் பெண்கள் வெட்டத்தானே செய்கிறார்கள்! மரம் கெடுவது கத்தி ஆழம் போவதால். பால் ஓடும் குழல்கள் தடியை, அதாவது உள்ளே இருக்கும் மரக்கட்டையை, ஒட்டிய உள்பட்டையில்தான் அதிகம். அந்த ஆசையில் இன்னும் கொஞ்சம் இறக்கினால் தடியை ஒட்டிய வளர்படலம் (புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு) அறுபடும். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். பிறகு அதில் கத்தி ஓடாது. தடிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள்.

வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, 30 பாகை சரிவில், அரைச்சுற்று. ஒட்டுக்கன்று மரத்தில் முதல் வெட்டு ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில், அங்கே சுற்றளவு 50 செ.மீ. இல்லாத மரத்தை விட்டுவிடுங்கள். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும். சீவல் தடித்து விழுந்தால் பட்டை வீண். கத்தி தீட்டாவிட்டால் பிய்ந்து வரும். முறித்து மாற்றப்போகும் கிழட்டு மரத்தில் கை பழகுங்கள். ரப்பர் வாரியம் பயிற்சியும் தருகிறது.

தினமும் வெட்டவே கூடாது, பட்டை வறண்டு பால் நின்றுபோகும். ஆர்ஆர்ஐஐ 105 ரகத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை சரி. விடியுமுன் இருட்டில் போகப் பயமென்றால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள். பால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மழை மறைப்பு ஒட்டாத மரத்தை ஈரப்பட்டையோடு வெட்டாதீர்கள், வெட்டுப்பட்டை அழுகும்.

வெட்டுக்காரருக்குக் கொடுத்த கூலியை இனி உங்கள் கணக்கில் தனியாக எழுதி வையுங்கள். வீட்டு வேலையோடு சேர்த்துவிட்டால் அது யார் கண்ணிலும் படாது.

கேள்வி: விளை கணவர் பெயரில். என் பெயருக்கு மாற்ற என்ன செலவு?
- வாசகி, குலசேகரம்

பதில்: குடும்பத்துக்குள் விலையின்றி எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலை முதல் இதுதான் உச்சவரம்பு. பாதி நிலம் மட்டும் என்றால் உட்பிரிவுக்கு அளக்க வேண்டும், தாமதமாகும். பதிவோடு நின்றுவிடாமல் பட்டா மாறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பட்டாவோடு போனால் வங்கியில் உங்கள் பெயருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம்.