தயாரிப்பு மேலாளரின் பணி: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளராக இருக்கிறேன். தயாரிப்பு மேலாளரின் வேலை என் வேலையிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

பதில்: என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு வந்துவிடுகிறது, எத்தனை பேரைக் கொண்டு, எவ்வளவு செலவில், எந்தத் தேதிக்குள் என்பதே உங்கள் கவலை. சொந்தத் தயாரிப்பை விற்கும் நிறுவனத்தில் அப்படியோர் ஒப்பந்தம் கிடையாது. பயனர்கள் ஆளுக்கொன்று கேட்கும்போது, எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிவைப்பது, எதைச் செய்யாமலே விடுவது என்று காரணத்தோடு முடிவெடுத்து, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பவரே தயாரிப்பு மேலாளர். குறித்த நாளில் வெளியான வசதியை எவரும் பயன்படுத்தாவிட்டால், உங்கள் கணக்கில் அது வெற்றி. அவர் கணக்கில் தோல்வி.

கேள்வி: நான் நிரலாளர். பயனர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கும் எளிய மாற்றத்தைக்கூட நிறுவனங்கள் ஏன் செய்வதில்லை?

பதில்: மைக்ரோசாஃப்ட் எக்செல்லை எடுத்துக்கொள்வோம். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற மரபணுக் குறியீடுகளை ஆங்கிலத்தில் உள்ளிட்டால், அம்மென்பொருள் அவற்றை மார்ச், செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவிடும். இதனால் ஆய்வுத் தரவுகள் சிதைவதை 2004-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. கடைசியில் மரபணுப் பெயர்களை முறைப்படுத்தும் குழுவே 2020-இல் அப்பெயர்களை மாற்றிக்கொண்டது. தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் விருப்பத்தேர்வு 2023-இல்தான் பரவலாகக் கிடைத்தது. கணக்கெழுதும் பெரும்பாலானோருக்குத் தேதி தானாக அமைவது வசதி; உயிரியலாளருக்கோ அதுவே கேடு. முதல் தரப்பின் வசதியைப் பறிக்காமல் இரண்டாம் தரப்பைக் காப்பது எப்படி என்பதே இங்கே எழும் கேள்வி. அதற்கு நிரல் எழுதுவதைவிட, யாருடைய இழப்பு மீட்க முடியாதது என்று எடைபோடுவது கடினம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறுபான்மையினரின் முறையீடு என்றுமே பின்னுக்குப் போகும். என் கருத்தில், தரவு சிதைவது தொடர்பான முறையீட்டை எண்ணிக்கையால் அளக்கவே கூடாது.

கேள்வி: பொறியாளர்கள் எவரும் தயாரிப்பு மேலாளருக்குக் கீழே இல்லையெனில், அவர் சொல்வதை யார் கேட்பார்கள்?

பதில்: பெரும்பாலான நிறுவனங்களில் பொறியாளர்கள் பொறியியல் மேலாளரிடமே பணிபுரிகிறார்கள் என்பது உண்மை. ஒரு பொருளின் நன்மை தீமைக்கு ஒருவரையே பொறுப்பாக்கும் இந்த ஏற்பாடு மென்பொருளுக்கு முந்தியது. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பு விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு வணிகப் பெயருக்கும் தனிப் பொறுப்பாளர் குழு வேண்டுமென்று 1931-இல் ஒரு குறிப்பு எழுதினார். அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்காட் குக், 1983-இல் இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனத்தை இணைந்து நிறுவினார். அங்கே வரவுசெலவுக் கணக்குக்கான குவிக்கன் மென்பொருளை வாங்கியவரின் வீட்டுக்கே அனுமதியுடன் ஊழியர்கள் சென்று, அவர் எந்தத் திரையில் தடுமாறுகிறார் என்று உடனிருந்து பார்த்தார்கள். தயாரிப்பு மேலாளரின் அதிகாரம் இப்படித்தான் பிறக்கிறது. பயனரைப் பற்றி அறையிலுள்ள மற்ற எவரையும்விட அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தால் பொறியாளர்கள் காதுகொடுப்பார்கள். விற்பனைப் பிரிவின் பட்டியலை அப்படியே கொண்டுவந்து நீட்டினால் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை.

கேள்வி: சிறு சிறு கட்டங்களாக மென்பொருள் உருவாக்கும் ஸ்க்ரம் முறையிலுள்ள புராடக்ட் ஓனரும் தயாரிப்பு மேலாளரும் ஒருவர்தானா?

பதில்: பல இடங்களில் ஒருவரே இரண்டையும் பார்க்கிறார். புராடக்ட் ஓனர் என்பது குழுவின் பேக்லாகை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை, முன்னுரிமைப்படி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு. விலை, சந்தை, போட்டி ஆகியவை பற்றி ஸ்க்ரம் வழிகாட்டி விரித்துப் பேசுவதில்லை.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட புதிய நிறுவனம். இப்போதே தயாரிப்பு மேலாளர் ஒருவரை நியமிக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறுவனரே அந்த வேலையைச் செய்யட்டும். வாடிக்கையாளர்களிடம் பேசினால் பொறியாளர்களுக்கு நேரமில்லை, பொறியாளர்களோடு அமர்ந்தால் வாடிக்கையாளர்களுக்கு நேரமில்லை என்ற நிலை அவருக்கு வந்தபின் ஆள் தேடுங்கள். ஆனால் எந்த வசதியை நிராகரிக்கும் உரிமை புதிதாக வருபவருக்கு உண்டு என்பதை நியமிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.