துரத்துவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கும் நான், சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு அறிவியல் புனைகதை எழுதுகிறேன். பூமிக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில், நாயகனின் கலம் முன்னே செல்லும் எதிரிக் கலத்தை விரட்டிப் பிடித்து, பீரங்கியால் சுட்டு, பேரொலியுடன் தகர்க்கிறது. இயற்பியல் ஆசிரியரான என் அண்ணன் இது நடவாது என்கிறார். எதை மாற்ற வேண்டும்?

பதில்: பேரொலியை நீக்கிவிடுங்கள், காற்றில்லாத வெளியில் ஒலி பரவாது.

பெரிய சிக்கல் விரட்டலில் இருக்கிறது. அந்த உயரத்தில் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வருகிறோமே, அந்தத் தொலைவை அது ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடும். முன்னே செல்லும் கலத்தை நோக்கி நாயகன் இயந்திரத்தை முடுக்கினால், கூடிய வேகம் அவனை உயர்ந்த, நீண்ட பாதைக்கு ஏற்றிவிடும். அப்பாதையில் ஒரு சுற்றுக்குக் கூடுதல் நேரம் பிடிப்பதால், விரட்டப் போனவனே பின்தங்குவான். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மைச் சுமந்து வந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை இப்படித்தான் நெருங்கப் பார்த்து, எரிபொருள் கரைந்ததே மிச்சமாக அம்முயற்சியைக் கைவிட்டார். ஆகவே உங்கள் நாயகன் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கி, அங்கே இடைவெளியைக் குறைத்துக்கொண்டு, உரிய கணத்தில் மேலேற வேண்டும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்; கதைக்கு அது நட்டமன்று, எதிரி தன்னை நெருங்குபவனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்த நேரத்தை நான் ஒரு பக்கமாவது எழுதுவேன்.

பீரங்கியை அண்ணன் குறை சொல்ல முடியாது. 1974-இல் ஏவப்பட்ட சோவியத் ஒன்றியத்தின் சல்யூட் 3 நிலையத்தில் ஒரு பீரங்கி இருந்தது. அது அசையாதபடி பொருத்தப்பட்டிருந்ததால், குறிவைக்க நிலையத்தையே திருப்ப வேண்டியிருந்தது. 1975 ஜனவரியில், உள்ளே ஆள் இல்லாத வேளையில், அதைச் சுட்டுப் பார்த்தார்கள். ஆனால் பாய்ந்த குண்டும் சுற்றுப்பாதை விதிக்கு உட்பட்டதே என்பதால், தொலைவிலிருந்து நேர்கோட்டில் குறிவைப்பது வீண். மிக அருகில் வந்த பிறகே நாயகன் சுடட்டும்.

இறுதிக் காட்சி தகர்ப்போடு முடியக் கூடாது. சிதறிய துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் சுற்றினாலும், அவை எல்லாம் வெடித்த இடத்தின் வழியாகவே மீண்டும் மீண்டும் வரும். எதிரியின் பாதைக்கே ஏறிவந்த நாயகனும் ஏறத்தாழ 92 நிமிடங்களுக்கு ஒருமுறை அதே இடத்தைக் கடப்பான். கலத்தின் சுவரில் ஒரு துண்டு மோதினால், அந்த அதிர்வு உள்ளிருக்கும் காற்றின் வழியே அவன் காதுக்கு எட்டும். நீக்கிய ஒலியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.