வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டீர்கள். அடுத்த பனிக்காலத்தை நினைத்தாலே கிலி பிடிக்கிறது. அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லரில், ஒரு வேலை வந்திருக்கிறது. சம்பளம் கிட்டத்தட்ட அதேதான். பெண்ணுக்கு நான்கு வயது. மனைவி உங்களைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கிறார், வேலை அனுமதி இன்னும் வரவில்லை. அடுத்த வருஷம் உங்கள் அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார்கள். கடைசியில் ஒரு வரி: "நாங்கள் வேலூர்க்காரர்கள், வெயில் நமக்குப் பழக்கம்தானே அண்ணா?"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் திருச்சிக்காரன். 2010இல் இங்கே வந்து இறங்கும்போது இதையேதான் சொல்லிக்கொண்டேன்.

வேலூர் வெயிலில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பால் வாங்க நடந்திருப்பீர்கள். மத்தியானம் ஏதாவது ஒரு வேப்பமர நிழல் கிடைத்திருக்கும். ராத்திரி மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாயைப் போட்டிருப்பீர்கள். வெயில் கொளுத்தினாலும் தெருவில் நடமாட்டம் நிற்காது. இங்கே வெயில் வந்தால் தெருவே காலி. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மத்தியான நேரத்தில் எங்கள் தெருவில் கண்ணில் படுகிற மனிதர் தபால்காரர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஏசிக்குள் கிடப்பார்கள். உங்கள் சிகாகோ ஜனவரி எப்படியோ அப்படித்தான் எங்கள் ஜூலை. அங்கே பனி உள்ளே அடைத்து வைக்கிறது, இங்கே வெயில்.

எண்ணில் சொன்னால் நம்புவீர்கள். 2023இல் ஃபீனிக்ஸில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் விடாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் அடித்தது. நம் கணக்கில் 43க்கு மேல். அடுத்த வருஷம் தொடர்ந்து 113 நாள் 100 டிகிரிக்குக் குறையவில்லை. கத்திரியில் வேலூரும் 43 பார்க்கும்தான், ஆனால் நடுவில் ஒரு கோடை மழை வந்து ஆற்றிவிட்டுப் போகும். இங்கே ராத்திரியும் ஆறாது. விடிகாலை நான்கரைக்கு வெளியே வந்து, 'இப்போதாவது பரவாயில்லையா' என்று பார்த்தால் அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கும். "வறண்ட வெயில், வியர்க்காது" என்று ஆறுதல் சொல்வார்கள். நன்றாகவே வியர்க்கும், தெரிவதற்குள் காய்ந்துவிடும். தாகம் எடுக்கும்போதே தலை சுற்ற ஆரம்பித்திருக்கும்.

இனி என் அப்பா கதை. 2014 ஜூனில் ஐந்து மாதத் திட்டத்தோடு வந்தார். இங்கே தபால்பெட்டி வீட்டு வாசலில் இருக்காது. தெருமுனையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஓர் இரும்புப் பெட்டி, ஆளுக்கொரு சின்னக் கதவு. எங்கள் வீட்டிலிருந்து அறுபது எழுபது அடி தூரம் இருந்தால் அதிகம். மத்தியானம் இரண்டு மணிக்கு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சாவியோடு கிளம்பினார். "தீமிதி இறங்கினவன்டா நான்" என்று வேறு சொன்னார். சாவியைப் போட்டுத் திருப்பும்போது இரும்புக் கதவில் இரண்டு விரல் அழுந்திவிட்டது. கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தார், விரல் நுனியில் கொப்புளம். அன்றிலிருந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு, திரையை ஒரு விரல் அகலம் விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். யாரும் போகமாட்டார்கள். ஒருநாள் கேட்டார்: "இந்த ஊரில் ஜனங்கள் இருக்கிறார்களா, வீடுகள் மட்டும்தானா?" ஆகஸ்ட் முதல் வாரமே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்தக் கோடை அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். கராஜில் கார் ஏறினால் ஆபீசில் இறங்குவேன். வெயிலை நான் பார்த்தது பார்க்கிங் லாட்டில் நடந்த இரண்டு நிமிஷம். வெயிலைத் தாங்கியது வீட்டில் இருந்தவர்கள். அதனால் உங்களுக்குப் பழக்கமா என்பது கேள்வியே இல்லை, தம்பி. ஜூலை மாதம், மத்தியானம் இரண்டு மணி; உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் கையில் கார் சாவி இருக்கிறதா? இந்த ஒன்றை உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

நேப்பர்வில்லில் மெட்ரா ரயில் ஏறினால் டவுன்டவுன் போய்விடலாம். ஃபீனிக்ஸ், டெம்பி, மேசா வரை ஓடும் லைட் ரெயில் சாண்ட்லருக்கு வராது. பஸ் இருக்கிறது, ஆனால் ஜூலையில் நான்கு வயதுக் குழந்தையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொல்வது பாவம். எனவே மனைவி லைசென்ஸ் எடுத்து, இரண்டாவது கார் வாங்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே காரோடு சமாளிப்போம் என்றால் நான் 'வராதீர்கள்' என்றே சொல்வேன். டிரைவர் இல்லாமல் ஓடும் வேமோ கார்கள் இங்கே சகஜம். பொதுமக்களுக்கு முதலில் ஓட ஆரம்பித்ததே சாண்ட்லரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும்தான். அவசரத்துக்கு ஆகும். எங்கள் அம்மா முதல் தடவை ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை "முருகா, முருகா" என்றபடி வந்தார். இப்போது அவரே கூப்பிடச் சொல்கிறார்.

இந்தப் பகுதி முழுவதையும் இங்கே 'வேலி' என்பார்கள். பள்ளத்தாக்கு என்று பொருள். எங்கள் அப்பா அதை நம் ஊர் வேலி என்றே நினைத்துக்கொண்டார், அதிலும் தப்பில்லை. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஆறடி உயரத்துக்கு சிமென்ட் கல் சுவர். நேப்பர்வில் மாதிரி பின்வாசல் புல்வெளி பக்கத்து வீட்டோடு சேர்ந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது.

சரி, பயமுறுத்தியது போதும். அப்பா அம்மா இருவரும் மறுபடி வந்தது 2016 நவம்பரில். அப்போது பார்த்தது வேறு ஊர். காலையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், பத்து மணிக்கு அதையும் கழற்றிவிடலாம். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். அப்பா கால்வாய்க் கரையில் தினம் இரண்டு மைல் நடந்தார். அங்கேயே ஒரு தெலுங்குப் பெரியவரையும் ஒரு குஜராத்தி தம்பதியையும் பிடித்துவிட்டார், பொதுமொழி இல்லாமலே அரசியல் பேசினார்கள். மார்ச்சில் அம்மா பின்கட்டில் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடகம் பிழிந்தார். காலையில் பிழிந்தது சாயந்திரம் உரிந்து கையில் வந்தது. திருச்சியில்கூட இப்படிக் காய்ந்ததில்லை என்றார். முருங்கை இங்கே அப்படி வளர்கிறது. நண்பர் கொடுத்த ஒரு கிளையை நட்டேன். மூன்றாம் வருஷம் சுவரைத் தாண்டிவிட்டது என்று எச்ஓஏவிலிருந்து, அதாவது குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து, கடிதம் வந்தது. கறிவேப்பிலையும் வரும், ஜூனில் மட்டும் மேலே நிழல்வலை கட்ட வேண்டும்.

ஆகவே அப்பா அம்மா வருவதை நவம்பருக்குத் தள்ளுங்கள். நவம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்பினால் அவர்களுக்கு இது சொர்க்கம். ஃபீனிக்ஸிலிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானம் இல்லை. லண்டனில் ஒரு தடவை மாறினால் சென்னை. இன்னொரு சின்ன வசதி: அரிசோனாவில் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றுவதில்லை. ஊருக்கும் நமக்கும் வருஷம் முழுக்கப் பன்னிரண்டரை மணி வித்தியாசம். அம்மா இதை வந்த அன்றே மனப்பாடம் செய்துவிட்டார்.

வீடு பார்க்கும்போது எல்லாரும் கிச்சனைப் பார்ப்பார்கள். நீங்கள் ஏசியைப் பாருங்கள். எத்தனை வயது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் முதல் வாடகை வீட்டில் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏசி நின்றுபோனது. வீட்டு நிர்வாகத்துக்குப் போன் செய்தால் திங்கட்கிழமை ஆள் வருவார் என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் 94 டிகிரி. குளித்தாவது படுக்கலாம் என்றால், அந்த மாதத்தில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயிலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். பையனைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டு ஹாலில் மூன்று ராத்திரி படுத்தோம். அப்புறம், மேற்கே பார்த்த பெரிய ஜன்னல்கள் உள்ள வீடு வேண்டாம். வாஸ்து சொல்லவில்லை, கரண்ட் பில் சொல்கிறது. இங்கே பெரும்பாலும் நேரத்துக்கு ஏற்ற கட்டணம். பிற்பகலிலிருந்து மாலை வரை யூனிட் விலை ஏறும். அதற்கு முன்பே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, அந்த நேரத்தில் தெர்மோஸ்டாட்டை நாலு டிகிரி ஏற்றி வைப்போம். துணி துவைப்பதெல்லாம் ராத்திரிதான்.

குழந்தை இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பின்கட்டில் நீச்சல்குளம் உள்ள வீட்டைக் காட்டினால் பெண் குதூகலிப்பாள். குளத்தைச் சுற்றித் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவோடு தடுப்பு இல்லாவிட்டால் அந்த வீட்டை எடுக்காதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. காரில் குழந்தையின் சீட் பெல்ட் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், அதுவும் சுடும்.

தேள் உண்டு. மணல் நிறத்தில் சின்னதாக இருக்கும், சுவரில் ஏறும். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். என் மனைவி கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சும் நீள இடுக்கியுமாகச் சுவரோரம் ஒரு ரவுண்டு போவார். முதல் வருஷம் அழுதவர், இப்போது எண்ணிக்கை சொல்கிறார். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான். தேளைவிட எனக்குப் பயம் 'வேலி ஃபீவர்'. இங்கே மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குள் போய்விடுகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. நான் ஆறு வாரம் இருமினேன். ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது தடவை வேறு டாக்டரிடம் போய், ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் தெரிந்தது. விடாத இருமலும் அசதியும் வந்தால் நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மழையைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கேயும் மான்சூன் என்றேதான் பெயர், ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. வருஷம் முழுக்கப் பெய்வது ஏழெட்டு அங்குலம்தான். மழைக்கு முன்னால் சில நாள் 'ஹபூப்' வரும், வானம் உயரத்துக்குப் புழுதிச் சுவர். கார் ஓட்டும்போது மாட்டிக்கொண்டால் ரோட்டை விட்டு முழுக்க விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவன் அதுதான் ரோடு என்று நினைத்து வந்து மோதுவான். புழுதி அடங்கி முதல் துளி விழும்போது கிரியோசோட் என்னும் பாலைவனப் புதரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். நம் மண்வாசனை இல்லை, கொஞ்சம் மருந்து வாடை. ஆனாலும் அந்த ஐந்து நிமிஷம் தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருக்கும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லினாய்ஸ் மாநில வருமான வரி 4.95 சதவீதம், அரிசோனாவில் 2.5. வீட்டு வரியும் அங்கே இருப்பதைவிடக் குறைவு. பின்னால் வீடு வாங்கும்போது, ஓரத்தில் புதிதாக முளைக்கும் ஊர்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று தாவவேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கொலராடோ ஆறு இளைத்துக்கொண்டே வருகிறது. நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய குடியிருப்புகளுக்கு 2023இல் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் மாநில அரசே கட்டுப்பாடு போட்டது. விசா விஷயத்தில் ஒன்று: இப்போதைய கம்பெனி உங்களுக்குக் கிரீன் கார்டுக்கான முதல் படியான பெர்ம் ஆரம்பித்திருந்தால், அது அந்த வேலைக்கும் அந்த ஊருக்கும் கட்டுப்பட்டது. வக்கீலிடம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பள்ளிக்கூடம் பரவாயில்லை என்பதைவிட மேல். ஆனால் சாண்ட்லரில் ஜூலை கடைசியிலேயே திறந்துவிடுவார்கள், உச்ச வெயிலில். ஊருக்குப் போக ஜூனும் ஜூலையில் பாதியும்தான். பதிலுக்கு அக்டோபரிலும் மார்ச்சிலும் இரண்டிரண்டு வாரம் லீவு. வெயில் தாங்காத வார இறுதிகளில் இரண்டரை மணி நேரம் காரை ஓட்டினால் ஃபிளாக்ஸ்டாஃப், ஏழாயிரம் அடி உயரம், பைன் மரக் காடு. குளிர்காலத்தில் அங்கே பனியும் கிடைக்கும், நீங்கள் ஏங்கினால்.

நான் இருக்கிறேன், இனி மாறப்போவதும் இல்லை. உங்களுக்கு என் பதில்: மனைவி கார் ஓட்டத் தயார் என்றால் வாருங்கள், இல்லையென்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். ஊர் பார்க்க கம்பெனி உங்களைப் பிப்ரவரியில் கூப்பிட்டால் போகாதீர்கள். பிப்ரவரியில் பார்த்தவர் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஜூலையில் ஒரு வாரம் குடும்பத்தோடு வாருங்கள், எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வாடகைக் காரை நீங்கள் எடுத்துக்கொண்டு மத்தியானம் ஆபீசைப் பார்க்கப் போங்கள். மனைவியும் குழந்தையும் அன்று சாயந்திரம் வரை வீட்டில் இருக்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவரிடம் கேளுங்கள்.