6பி தாண்டவில்லை என்றால் முன்னேற்றம் நின்றுவிட்டதா?

கேள்வி: பெங்களூருவில் ஒரு கிளைம்பிங் ஜிம்மில், செயற்கைப் பாறைச் சுவரில், இரண்டு வருடமாக ஏறுகிறேன். முதல் ஆறு மாதத்திலேயே 6ஏ கிரேடு (ஏறும் பாதை, அதாவது ரூட், எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்) வந்துவிட்டது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக அதற்கு அடுத்த 6பி தாண்டவில்லை. போன மாதம் நிஜப் பாறையில் ஏற வட கர்நாடகத்தின் பாதாமிக்குப் போனால் அங்கே 6ஏ-கூட முடியவில்லை. பின்னால் போகிறேனா?

பதில்: இல்லை. முதலில் பாதாமி விஷயம். ஜிம்மில் எதைப் பிடிக்க வேண்டும் என்று பிடிகளின் நிறமே சொல்லிவிடும். பாதாமியின் செம்மணற்கல்லில் எல்லாமே ஒரே நிறம். ஒரு கையில் தொங்கியபடி மறு கையால் தடவித் தேட வேண்டும். அதற்குள் முன்கை கல்லாக இறுகிவிடும். ஜிம்மில் பழகியவர்கள் வெளியே வந்ததும் ஒன்றிரண்டு கிரேடு இறங்குவது வழக்கம்தான்.

கிரேடு என்பது டேப் வைத்து அளந்த எண் அல்ல. முதலில் ஏறியவர் ஒன்று சொல்வார், பின்னால் வருபவர்கள் ஒப்புக்கொள்வார்கள் அல்லது திருத்துவார்கள். உயரமானவருக்கு எளிதாக எட்டும் பிடி குட்டையானவருக்குப் பெரிய தாவலாக இருக்கும். ஆனால் இருவருக்கும் எண் ஒன்றுதான்.

உங்களுக்கு நடப்பது அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே நடந்திருக்கிறது. 1950-களில் கலிஃபோர்னியாவின் தாக்விட்ஸ் பாறையில் 5.0 முதல் 5.9 வரை கிரேடு வகுத்தார்கள் (இது உங்கள் 6ஏ, 6பி-யிலிருந்து வேறான அமெரிக்க முறை). 5.9-தான் உச்சம் என்று நினைத்தார்கள். ஏறுபவர்களின் திறமை அதையும் தாண்டியது, எண் மட்டும் நகரவில்லை. புதிதாக வந்த கடினமான ரூட்டுகளையும் 5.9-க்குள்ளேயே திணித்தார்கள். பிறகுதான் 5.10 வந்தது, அதுவும் போதாமல் அதை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். பழைய 5.9 ரூட்டுகள் சிலவற்றில் இன்றும் நல்ல அனுபவசாலிகளே திணறுகிறார்கள். எண் நகராத அந்த வருடங்களிலும் மனிதர்கள் முன்னேறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இன்னொன்று, படிகள் சம உயரம் அல்ல. முதல் ஆறு மாதத்தில் பயம் போகும், காலில் எடையைப் போடப் பழகுவீர்கள். எண் சரசரவென்று ஏறும். அதற்கு மேல் விரல் வலிமை வேண்டும். தசை சில மாதங்களில் வலுவாகிவிடும். தசைநாரும் அதை விரல் எலும்போடு பிணைத்திருக்கும் பட்டைகளும் வலுவாக வருடக்கணக்கில் ஆகும். இந்தக் கட்டத்தில் எண்ணைத் துரத்தி மோதிர விரலைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

சரி, எதைப் பார்ப்பது? ஒரு வருடம் முன்பு திணறிய ரூட் ஏதாவது பாதாமியிலோ, மாற்றாமல் விட்ட ஜிம் சுவரிலோ இருந்தால் அதில் மறுபடி ஏறுங்கள். கீழே நிற்கும் நண்பரைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, காலை மட்டும் பாருங்கள். முன்பு ஒரே பிடியில் கால் மூன்று முறை உரசி, சரிந்து, மறுபடி வைத்திருப்பீர்கள். இப்போது ஒரே முறையில், சத்தமில்லாமல் பெருவிரல் முனை உட்கார்ந்தால் அதுதான் முன்னேற்றம். எங்கே விழுந்தீர்கள், எத்தனை முறை கயிற்றில் தொங்கி ஓய்வெடுத்தீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், கிரேடை எழுதாமல்.

அடுத்த முறை பாதாமிக்குப் போனால் முதல் நாள் முழுக்க 6ஏ-க்குக் கீழே உள்ள 5 கிரேடிலேயே ஏறுங்கள், கல்லைப் படிக்கக் கை பழகட்டும். மோதிர விரலின் அடியில் அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் ஏறுவதை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.