பெற்றவர்களைத் தேடும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கைக்குழந்தையாகக் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவன் நான். வயது 31. தன்பால் ஈர்ப்பாளன். பெற்றவர்களைத் தேட நினைக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் வளர்த்தவர்கள் பெயர்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தத்துக்குப் பிறகு வாங்கிய சான்றிதழில் வளர்த்தவர்கள் பெயர்தான் இருக்கும், அதைத் துருவிப் பயனில்லை. தத்துக்கு அனுமதி தந்த நீதிமன்ற உத்தரவைத் தேடுங்கள். வழக்கு எண், ஆண்டு, காப்பகத்தின் பெயர் ஆகியவை அதிலிருந்துதான் கிடைக்கும். வீட்டில் பிரதி இல்லையென்றால் அந்த நீதிமன்றத்திலேயே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம்.

அதன்பின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வுக்கு இணையவழி விண்ணப்பம். 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி 18 வயது கடந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். வளர்த்தவர்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியதில்லை. உங்களுக்காக மூன்றாம் நபர் தேடுவதை விதி அனுமதிக்காது. ‘கண்டுபிடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

கோப்பில் என்ன இருக்கும் என்பது நீங்கள் காப்பகத்துக்கு வந்த விதத்தைப் பொறுத்தது. தாயே ஒப்படைத்திருந்தால் ஒப்படைப்புப் பத்திரம் இருக்கும். ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று அவர் அப்போது கேட்டிருந்தால், இப்போது அவருடைய சம்மதம் வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் இடமும் சூழ்நிலையும் மட்டும்தான் இருக்கும். பெயர் இல்லாத கோப்பு என்பது அவர்கள் உங்களிடம் எதையோ மறைப்பதாக ஆகாது. பெரும்பாலும் எழுதப்படவே இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: தாய்க்கு முதல் கடிதம் எழுதப் போகிறேன். நான் தன்பால் ஈர்ப்பாளன் என்பதை அதிலேயே சொல்லிவிடட்டுமா?

பதில்: முதல் கடிதத்தில் வேண்டாம். வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதால் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் பிறப்பே தெரியாமல் இருக்கலாம். காப்பகமோ சமூகப் பணியாளரோ வழியாகக் கடிதம் போவதே நல்லது. நேரில் போய் நிற்பது, பக்கத்து வீட்டாரிடம் விசாரிப்பது, முகநூலில் படம் போட்டுத் தேடுவது மூன்றுமே அவரை அச்சத்தில் தள்ளும். பயந்தவர் கதவைச் சாத்திவிடுவார்.

ஒரே பக்கம் போதும். பிறந்த தேதி, இடம், நலமாக இருக்கிறீர்கள் என்பது, தொடர்புக்கு ஒரே ஓர் எண். பணமோ சொத்தோ கேட்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். பங்கு கேட்டு வந்துவிடுவானோ என்ற பயம் பல குடும்பங்களில் உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் தத்துப் போனவருக்கு, தத்துக்கு முன்பே அவர் பெயருக்கு வந்த சொத்தைத் தவிர, பிறந்த வீட்டில் உரிமை கிடையாது. பதில் வரச் சில மாதங்கள் ஆனாலும் அடுத்த கடிதத்துக்கு அவசரப்படாதீர்கள். அந்த மௌனத்துக்கு உங்கள் ஈர்ப்பைக் காரணமாக்கி உங்களையே வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவருக்கு அது தெரியவே தெரியாதே.

பேச்சு தொடங்கினால் ‘கல்யாணம் ஆச்சா?’ என்ற கேள்வி சீக்கிரமே வரும். ‘பெண் பார்க்கிறார்கள்’ என்று பொய் சொன்னால் அவர்களே வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ‘இல்லைம்மா, அதைப் பற்றி நேரில் பேசணும்’ என்பது உண்மையும்கூட, அவகாசமும் தரும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். உறவு முறை சொல்லிக் கூப்பிட்டு, விசேஷங்களுக்கு அழைக்கும் அளவுக்கு நெருங்கியபின் தெரியவந்தால் இரு பக்கமும் வலி அதிகம். உங்கள் சமூக ஊடகப் பக்கங்களை அவர்கள் பார்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரபணுப் பரிசோதனையில் 870 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான மரபணுப் பகுதியின் அளவு) பொருந்தும் ஒருவர் கிடைத்திருக்கிறார். சித்தப்பா, பெரியப்பா மகன் முறையா?

பதில்: இருக்கலாம், உறுதியில்லை. பெற்றோர் என்றால் சுமார் 3,400, பாதி உடன்பிறப்பு என்றால் 1,750, நேரடி ஒன்றுவிட்ட உறவு என்றால் 870 என்பது சராசரிக் கணக்கு. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் தூரத்து உறவுக்கும் எண் கூடுதலாக வரும். பொதுவான மரபணுப் பகுதி சில நீளமான துண்டுகளாக இருந்தால் நெருங்கிய உறவு; குட்டிக் குட்டித் துண்டுகள் நிறைய இருந்தால் பழைய சொந்தங்களின் கூட்டுத்தொகையாக இருக்கலாம். ‘நாம் உறவாம், எப்படி என்று பார்க்கலாமா?’ என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: வளர்த்த அப்பாவிடம் தன்பால் ஈர்ப்பாளன் என்று சொன்னால் தத்தையே ரத்து செய்துவிடுவேன் என்கிறார். முடியுமா?

பதில்: முடியாது. முன்பு சொன்ன 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி முறையாக நடந்த தத்தை அவரும் ரத்து செய்ய முடியாது, நீங்களும் உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. சுயமாகச் சம்பாதித்ததை அவர் வேறொருவருக்கு உயில் எழுதலாம். அது பெற்ற பிள்ளைக்கும் நேரக்கூடியதுதான். ‘குணப்படுத்த’ என்று மருத்துவரிடம் அழைத்துப் போனால் போகாதீர்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் அத்தகைய சிகிச்சைக்குத் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. ஆலோசகர் வேண்டுமென்றால் தொலைபேசியிலேயே, ‘ஈர்ப்பை மாற்ற முடியுமா?’ என்று கேளுங்கள். ‘முயன்று பார்க்கலாம்’ என்று சொல்பவரிடம் நேரம் கேட்காதீர்கள்.