'வருவீங்களா?' – கடிதம்

வணக்கம் சார்,

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், அதனால்தான் இதைக் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் மாவட்டத்தில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்தது. நூறு கம்பெனிக்கு மேல் வந்திருப்பதாக மைக்கில் சொன்னார்கள். காலை எட்டரைக்கு டோக்கன் வாங்கி, மூன்று மணி வரை நின்றேன். 17 பயோடேட்டா பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். பதினேழையும் கொடுத்துவிட்டேன். எல்லா ஸ்டாலிலும் வாங்கி வைத்துக்கொண்டு "கூப்பிடறோம்மா" என்றார்கள். இதுவரை ஒரு போன் வரவில்லை. என்னோடு வந்த தோழிக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவள் மார்க் என்னைவிடக் குறைவு.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அதுதான் காரணமா? யூடியூப் பார்த்து செல்ஃப் இன்ட்ரோ மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாதிப் பேர் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த முகாமில் அவர்களைக் கவர என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று, தனியார் வேலைக்குப் போனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும் என்று அப்பா தயங்குகிறார். அது உண்மையா சார்?

க.
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பதிவு போகாது. தனியார் வேலையில் சேர்ந்தாலும் அது அப்படியே இருக்கும். முகாம் அறிவிப்பிலேயே 'பதிவு ரத்து செய்யப்படமாட்டாது' என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அந்த வரியை விடாமல் அச்சடிப்பதே உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்காகத்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காமல் இருந்தால் போதும்.

இனி முகாம். நான் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். இந்த முகாம்களில் பேனருக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த ஆள். பெரிய முகாம் என்றால் என் மேசைக்கு முன்னூறு பேராவது வருவார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே பத்து மணி நேரம் ஆகிறது. எனக்குக் கிடைப்பதோ ஐந்து மணி நேரம், அதில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிற நேரமும் அடக்கம். ஒரு நிமிடத்தில் யாருடைய திறமையையும் அளக்க முடியாது. நான் செய்தது காகிதம் பிரிக்கிற வேலை. இடது பக்கம் நாளைக்கே கூப்பிட வேண்டியவர்கள், நடுவில் பார்க்கலாம் ரகம், மீதி எல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்கு. உங்கள் பதினேழில் பெரும்பாலானவை அட்டைப்பெட்டிக்குத்தான் போயிருக்கும். வருத்தப்படாதீர்கள், நல்ல நல்ல பயோடேட்டாக்கள் அங்கேதான் கிடந்தன.

பிரிக்கும்போது தாளின் மேல் மூலையில் பென்சிலால் கிறுக்கிவைப்பேன். 'வந்தவாசி. ஷிஃப்ட் ஓகே. ஹாஸ்டல் ஓகே. மே கடைசி.' ராத்திரி கம்பெனிக்குத் திரும்பி அந்தக் கட்டைப் புரட்டும்போது மூலையை மட்டும்தான் பார்ப்பேன். மார்க், ஹாபி, 'மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்' எல்லாம் கண்ணில் படாது.

ஏன் அந்த மூலை என்றால், என் முதல் முகாமில் 40 பேரைத் தேர்ந்தெடுத்தேன். பேச்சு, சுறுசுறுப்பு, மார்க் எல்லாம் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள். வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை வந்தது 9 பேர். மாதக் கடைசியில் மிச்சம் 5. "நீ ஆள் எடுத்தியா, பயோடேட்டா எடுத்தியா?" என்று மேலாளர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அதற்கப்புறம் எதிரில் யார் வந்து நின்றாலும் என் மண்டையில் ஓடியது ஒரே கேள்விதான். இவங்க வருவாங்களா? வந்தா ஆறு மாசம் நிப்பாங்களா? சில சமயம் வாய்விட்டே கேட்பேன், "வருவீங்களா?" என்று. பாதிப் பேர் "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்பார்கள். நியாயமான பதில்தான். ஆனால் வரிசை பின்னால் நீண்டுகொண்டிருக்கும்போது அந்தப் பதிலோடு வந்த தாளை நான் வைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்.

அதனால் முகாமுக்கான தயாரிப்பில் முக்கால்வாசி உங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டியது. முதல் நாள் ராத்திரியே அப்பா அம்மாவிடம் பேசி முடித்துவிடுங்கள். செய்யாறு சிப்காட் சரியா? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றால் கம்பெனி பஸ்ஸில் போய்வருவதா, ஹாஸ்டலா? சென்னை? இரவு ஷிஃப்ட் உண்டா, கிடையவே கிடையாதா? கையில் எவ்வளவு வந்தால் கட்டும்? தேர்வு முடிந்து எந்தத் தேதியிலிருந்து சேர முடியும்? இரவு ஷிஃப்ட் முடியாது என்பதும் நல்ல பதில்தான், தெளிவாகச் சொன்னால். இந்த மூன்று நான்கு விஷயங்களை உங்கள் பயோடேட்டாவின் தலையிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். நான் பென்சிலால் எழுத வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. உங்கள் தோழி ஸ்டாலில் என்ன சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள். மார்க் வித்தியாசத்தைவிட அதில் விஷயம் இருக்கலாம்.

பெண்பிள்ளைகளை மட்டும் இப்படித் துருவுவது அநியாயம் என்று எனக்கும் தெரியும். என் முதல் முகாமில் தேர்வாகி வராமல் போன 31 பேரில் பையன்கள்தான் அதிகம். ஆனாலும் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் பையன்களிடம் "வீட்ல விடுவாங்களா" என்று கேட்பதில்லை.

அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக. ஒருமுறை ஒரு பெண் வந்தார், கூடவே அம்மா. பெண் வேலையைப் பற்றிக் கேட்டு முடிக்கும்வரை அந்த அம்மா பேசாமல் நின்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "ராத்திரி பஸ்ஸு எங்க தெருவு வரைக்கும் வருமா, மெயின் ரோட்லயே எறக்கி விட்ருமா?" அன்று முழுக்க எனக்குக் கிடைத்த உருப்படியான கேள்வி அதுதான். வருகிறவர்கள்தான் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார்கள். பெண்ணுக்குப் பதில் அம்மாவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் சங்கடம்.

அடுத்து, அந்த 17. அவ்வளவு வேண்டாம், ஐந்து போதும். எந்தெந்தக் கம்பெனி, என்ன வேலை, என்ன படிப்பு என்ற விவரம் முன்கூட்டியே தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் கிடைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகாமில் முதல் அரைமணி நேரம் எங்கும் வரிசையில் நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றி பேனர்களைப் படியுங்கள். பி.காம் படித்தவர்களுக்கென்று அங்கே போடுகிற பெயர்களைக் கொஞ்சம் மொழிபெயர்த்துத்தான் படிக்க வேண்டும். 'ரிலேஷன்ஷிப் எக்ஸிக்யூட்டிவ்' என்றால் பெரும்பாலும் இன்சூரன்ஸோ கடனோ விற்கிற வேலை, மாதாமாதம் டார்கெட் இருக்கும். 'ஃபீல்டு ஆபீசர்' என்றால் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்து, ஊர் ஊராகப் போய்த் தவணை வசூலிப்பது, வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். 'வாய்ஸ் பிராசஸ்' போனில் பேசுவது. 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்' பெயரிலேயே புரிகிறது. பலர் கவனிக்காமல் விடுவது 'ஸ்டோர்ஸ்'. தொழிற்சாலைக்குள் என்ன சரக்கு வந்தது, என்ன போனது, பில்லும் சரக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற இடம். பி.காம் பிள்ளைகள் அங்கே நன்றாக வந்து நான் பார்த்திருக்கிறேன்.

டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியும் என்று போட்டிருக்கிறீர்களா? எல்லோரும் போடுகிறார்கள். நான் கேட்பது, "எஃப்7 அமுக்கினா என்ன வரும்?" ஜர்னல் வரும். எஃப்5 பேமென்ட், எஃப்8 சேல்ஸ். ஒரு வாரம் உட்கார்ந்து நிஜமாகவே என்ட்ரி போட்டவர் விரலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர் கூரையைப் பார்ப்பார். அதே மாதிரி, விற்ற சரக்கு திரும்பி வந்தால் யார் கிரெடிட் நோட் போடுவது, ஜிஎஸ்டிக்கான ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்கள் எந்தத் தேதிக்குள் (மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11, 20), இந்த அளவுதான் கேள்வி. உங்கள் ஊரில் ஆடிட்டர் ஆபீஸ் இருந்தால் ஒரு மாதம் போய்ச் சும்மாவாவது உட்காருங்கள். அதை பயோடேட்டாவில் போட்டுவிடலாம்.

பயோடேட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பிள்ளைகள் செய்த வேலையை மறைத்துவிடுகிறார்கள். ஒரு பையன் 'அனுபவம்: இல்லை' என்று எழுதியிருந்தான். பேச்சுவாக்கில் தெரிந்தது, ப்ளஸ் டூவிலிருந்து தினமும் விடிகாலையில் ஊர் பால் சொசைட்டியில் அளவு எழுதி, வாரா வாரம் பட்டுவாடாக் கணக்கும் பார்த்திருக்கிறான். ஏன் போடவில்லை என்றால், "அது வேலை இல்ல சார், ஒத்தாசை" என்றான். விடிகாலையில் எழுந்து தினமும் ஓரிடத்துக்குப் போய் லிட்டர் கணக்கும் காசுக் கணக்கும் பார்த்தவனைவிட எனக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அவன் தாள் இடது பக்கம் போனது. நீங்களும் அப்படி ஏதாவது செய்திருப்பீர்கள். டியூஷன், தீபாவளிக்குத் துணிக்கடை, மகளிர் குழுவுக்கு நோட்டு எழுதியது, எதுவானாலும் எத்தனை மாதம் என்பதோடு எழுதுங்கள். 'ஹார்ட் வொர்க்கர்' என்ற வரி இருந்த இடத்தில் அதைப் போடலாம்.

ஆங்கிலம். வாய்ஸ் பிராசஸுக்கு அது கட்டாயம் வேண்டும், அங்கே மழுப்ப முடியாது. மற்ற ஸ்டால்களில் உட்கார்ந்திருப்பவர் நம் ஊர்க்காரர்தான், தமிழில்தான் பேசுவார். மனப்பாட செல்ஃப் இன்ட்ரோவை அவர்கள் கேட்காததற்குக் காரணம் உண்டு. 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்ததுமே அடுத்த ஒரு நிமிடம் என்ன வரும் என்று எங்களுக்கும் மனப்பாடம். அதற்குப் பதில் மூன்று வாக்கியம் போதும். இந்த ஊர், இந்தப் படிப்பு, உங்கள் பேனரில் போட்டிருக்கும் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், திக்கினால் தமிழில் முடியுங்கள். அரியர் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் எப்படியும் தெரிந்துவிடும்.

நீங்கள் அவர்களைக் கேட்கவும் வேண்டும். முக்கியமாக இரண்டு. முதலாவது, "கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா?" அதாவது கம்பெனியே நேரடியாக எடுக்கிறதா, ஒப்பந்தக்காரர் வழியாகவா, பயிற்சிக்கா என்று. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் அது பயிற்சி. உதவித்தொகை தருவார்கள், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கிடையாது, முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் பொதுவாகக் கிடையாது. கெட்டது என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு சேருங்கள்.

இரண்டாவது, "சிடிசி இவ்வளவு, கையில் எவ்வளவு?" சிடிசி என்பது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. பேனரில் 18,000 என்று போட்டிருப்பார்கள். நான் போட்டுக் காட்டுகிறேன். மொத்தச் சம்பளம் 15,500, அதில் அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் அடிப்படையில் 12 சதவீதம், 1,440. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், 504. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது 577. கூட்டினால் 18,000 சொச்சம் வந்துவிட்டது. இப்போது உங்கள் பங்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 117 பிடித்தால் கைக்கு வருவது 13,943. அதிலும் கேன்டீன், பஸ், ஹாஸ்டல் பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். இது ஏமாற்று இல்லை. பிஎஃப் உங்கள் சேமிப்பு, இஎஸ்ஐ வீட்டாருக்கும் மருத்துவத்துக்கு உதவும். ஆனால் அந்த 40 பேரில் சேர்ந்து ஓடிப்போன நான்கு பேரில் இரண்டு பேர் முதல் சம்பளத்தைப் பார்த்துவிட்டு ஓடியவர்கள். நான் ஸ்டாலில் 18 என்று சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையது. இதைக் கேட்டால் ஸ்டாலில் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள், சம்பளக் கணக்குக் கேட்கிற பி.காம் பெண்ணைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான் வந்திருக்கும்.

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று காசு கேட்டாலும், அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அரசு முகாமுக்கு எதற்கும் கட்டணம் கிடையாது.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே சின்ன முகாம் நடத்துவார்கள். மேடை, மைக், மாலை மரியாதை இருக்காது, கம்பெனிகளும் குறைவு. அங்கே உட்கார்ந்தபோதெல்லாம் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச எனக்கு நேரம் இருந்தது. என்னைக் கேட்டால் சனிக்கிழமைத் திருவிழாவுக்கு முன்னால் அதற்கு ஒருமுறை போய் வாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். நாங்கள் கூப்பிடும்போது பாதி நம்பர்களை யாரும் எடுக்கமாட்டார்கள், இல்லையென்றால் வயலில் இருக்கிற ஒருவர் எடுத்து "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். உங்கள் பயோடேட்டாவில் இருந்தது யாருடைய நம்பர் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவுடையது என்றால், கொஞ்ச நாளாகத் தெரியாத நம்பரிலிருந்து ஏதாவது போன் வந்ததா என்று இன்று ராத்திரி அவரிடம் கேட்டுப் பாருங்கள்.